பொறுப்பு தங்களுடையது

நகராட்சியின் பணத்தைக் காப்பாற்றியே தீருவது என்று பல்செட்காரர் முடிவுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது.

ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல் மருத்துவர்கள் பிடுங்குவார்கள், இவர் கட்டிக் கொடுப்பார். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு இவர் பட்டறையில் செய்ததுதான். அதனாலோ என்னவோ, பொதுக்கூட்டம் எங்கே நடந்தாலும் வாயைத் திறக்கும் உரிமை தனக்குக் கொஞ்சம் கூடுதலாக உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார். மைக் அவர் கைக்குப் போய்விட்டால் அதைத் திருப்பி வாங்கத் தனியாக ஒருவர் மேடையேற வேண்டும்.

மூன்றாம் பக்கத்துச் செய்தி இதுதான். நகராட்சி ஒரு செயற்கை நுண்ணறிவு இயந்திரம் வாங்கப் போகிறது. திட்டத்தின் பெயர் பொறுப்புத் திட்டம். தெருவில் எது உடைந்திருந்தாலும், சாய்ந்திருந்தாலும், ஒழுகினாலும், இயந்திரம் படத்தைப் பார்த்தும் மீட்டரைப் பார்த்தும் கண்டுபிடித்துவிடும். அது யார் வேலை என்று தீர்மானித்து, அவருடைய கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பிவிடும். முதலில் சில தெருக்களில் சோதனை. செலவு பெரிய செலவு என்பதால் மக்கள் கருத்தைக் கேட்க அடுத்த மாதம் ஒரு பொதுக்கூட்டம்.

"இதைப் பார்த்தியா," என்றார் மனைவியிடம். "என் வீட்டுக் குழாய் ஒழுகினா எனக்குத் தெரியாதா? அதை எனக்குச் சொல்ல ஒரு மெஷின். அந்த மெஷினுக்கு நம்ம வரிப்பணம்."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்காமல் இருக்க மனைவி அதன் அடியில் ஒரு பழைய துணியைப் போட்டு வைத்திருந்தாள். அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். அரசு அறிவிப்புகள், கம்பெனி அறிக்கைகள், பாடப்புத்தகங்கள் எல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் ஊருக்குள் வரும். பகல் முழுக்க அடுத்தவர் பிழையைத் திருத்திவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து கணவரைப் பார்ப்பாள்.

"நீங்க சொல்றது சரிதான்," என்றாள்.

அவருக்கு லேசாகத் துணுக்கென்றது. அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வது வழக்கம் இல்லை. ஆனாலும் கிடைத்த ஆதரவை வீணாக்குகிறவர் இல்லை அவர்.

"மனுஷனுக்குப் பொறுப்பு உள்ளேர்ந்து வரணும்."

"ஆமா."

"வெளியேர்ந்து ஒருத்தர் சொல்லி வரக்கூடாது."

"யார் சொன்னாலும் வராது," என்றாள் மனைவி.

"அதேதான். இதையே கூட்டத்துல பேசப் போறேன். தலைப்பு ரெடி. தனிமனிதப் பொறுப்பு."

"பேசுங்க. வெளியே போறப்ப கேட்டைப் பார்த்துத் திறங்க. போன தடவை என் கால்ல விழப் பார்த்துச்சு."

"அது அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த வீட்டில் 'அப்புறம்' என்பது ஓர் இடத்தின் பெயர் மாதிரி ஆகிவிட்டிருந்தது. கேட், குழாய், மாடிப்படி விளக்கு, மழைத்தண்ணீர்க் குழாய் எல்லாம் வருஷக்கணக்கில் அங்கே போய்க் குடியேறியிருந்தன.

சில நாள் கழித்து, பட்டறையில் ஒருவருடைய கீழ்த்தாடை அச்சைக் கையில் வைத்துக்கொண்டு கடைவாய்ப் பல்லை எங்கே உட்கார வைப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது கைபேசி சிணுங்கியது. தெரியாத எண்.

"மதிப்பிற்குரிய குடியிருப்பாளரே, தங்கள் இல்லத்தின் வாயிற்கதவு ஒரே ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருப்பது எங்கள் கவனத்திற்கு வந்துள்ளது. இதைச் சரிசெய்யும் பொறுப்பு தங்களுடையது. நன்றி. பொறுப்புத் திட்டம்."

கையில் ஒட்டியிருந்த அச்சு மாவைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். முதலில் கோபம் வந்தது. அது போனதும் பயம் வந்தது. தனிமனிதப் பொறுப்பைப் பற்றி மேடையேறிப் பேசப் போகிறவருடைய கேட் ஒற்றைக் கீலில் தொங்குகிறது என்று நகராட்சிக்குத் தெரிந்துவிட்டது. கூட்டத்தில் அதைப் படமாகப் போட்டுக் காட்டினால் என்ன ஆவது?

படம் யார் எடுத்திருப்பார்கள் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. எதிர்வீட்டில் இருப்பவர் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதிக்கிறவர். தெருவில் எல்லாரும் செக்கர் என்பார்கள். பார்ப்பவரை எல்லாம் டிக்கெட் எடுக்காதவர் மாதிரியே பார்ப்பார். பொதுக்கூட்டங்களில் பல்செட்காரர் எதை வேண்டாம் என்றாலும் செக்கர் எழுந்து வேண்டும் என்பார்.

அன்று மாலை பல்செட்காரர் வீடு திரும்பியபோது செக்கர் தன் வாசலில் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சார், என் கேட்டைப் படம் பிடிக்கறீங்களா?"

"கேட்டை எதுக்கு சார் பிடிக்கறேன்? அது மேல ஒரு குருவி உக்காந்திருந்துச்சு. நீங்க வந்ததும் போயிடுச்சு. நல்லவேளை, அது பறந்த வேகத்துல கேட் விழலை."

"நீங்க அந்த மெஷினுக்கு ஆதரவுதானே?"

"ஆமா. செயற்கையாவது ஒரு அறிவு இருந்துட்டுப் போகட்டுமே."

"அரசாங்கப் பணத்தைச் செயற்கைக்குக் கொட்டலாமா?"

"செயற்கையைப் பத்தி நீங்க குறை சொல்லலாமா சார்? உங்க பிழைப்பே செயற்கைப் பல்லுதானே."

பல்செட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். கேட்டைப் பார்த்துத்தான் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று பல்செட்காரர் கேட்டோடு மல்லுக்கு நின்றார். கீல் விற்கும் கடைக்கு விடுமுறை. பட்டறையிலிருந்து பல்செட்டுக்கு ஈறு செய்யும் பசையைக் கொண்டுவந்து, பழைய கீலைச் சுற்றி நன்றாகப் பூசி, காயவைத்து, அரம் போட்டுத் தேய்த்தார். கேட் நிமிர்ந்து நின்றது. ஈறின் நிறத்தில் ரோஜா வண்ணமாக ஒரு திட்டு மட்டும் கேட்டின் ஓரத்தில் பளபளத்தது. மற்றபடி குறை சொல்ல எதுவும் இல்லை.

மனைவி திரும்பி வந்து கேட்டைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"நேரா நிக்குதே. யார் பண்ணினது?"

"நான்தான்."

"யாராவது சொன்னாங்களா?"

"யார் சொல்லணும்? எனக்கே தோணிச்சு. பொறுப்பு உள்ளேர்ந்து வந்துச்சு."

"வரும்னு தெரிஞ்சிருந்தா தங்கச்சி வீட்டுக்குப் போகாம இங்கேயே இருந்திருப்பேன்," என்றாள். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை.

பிறகு வந்த செய்தி மழைத்தண்ணீர்க் குழாயைப் பற்றியது. அது பொதுமக்களின் தலைக்கு நேர் மேலே முடிவடைவதாகவும், பொதுமக்கள் அதை விரும்பவில்லை என்றும் எழுதியிருந்தது. பல்செட்காரர் ஏணி வைத்து ஏறிக் குழாயைத் திருப்பிவிட்டார். அதற்கும் ஈறு வைத்தார்.

அடுத்தது வந்தபோது அவர் திகைத்துத்தான் போனார்.

"தங்கள் இல்லத்தின் நீர்ப் பயன்பாட்டை ஆராய்ந்ததில், ஏதோ ஒரு குழாய் இடைவிடாமல் சொட்டுவதாகத் தெரிகிறது. அது சமையலறைக் குழாயாக இருக்கலாம். பொறுப்பு தங்களுடையது."

இருக்கலாம் என்று எவ்வளவு அடக்கமாகச் சொல்கிறது என்று அவருக்குத் தோன்றியது. மனைவியும் இதே குழாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் 'இருக்கலாம்' என்றதில்லை. குழாய்க்கு அன்றைக்கே புது வாஷர் போட்டார்.

மாடிப்படி விளக்கு எரியவில்லை என்பதையும் இயந்திரம் கண்டுபிடித்தது. எரிகிற விளக்கை மின்சார மீட்டர் காட்டிக்கொடுக்கும், சரி. எரியாத விளக்கு எப்படித் தெரிந்தது? நாற்காலிமேல் நின்று பல்பை மாட்டிக்கொண்டே யோசித்தார். அறிவியல் எங்கேயோ போய்விட்டது என்று மட்டும் புரிந்தது.

கடைசியாக ஒன்று வந்தது.

"ஆய்வுகளின்படி, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடும் பழக்கம் தங்கள் வயது ஆண்களிடம் மிகுந்து காணப்படுகிறது. தாங்கள் அதற்கு விதிவிலக்கு என்று நம்புகிறோம்."

அவர் தோளிலிருந்த ஈரத் துண்டோடு கட்டிலுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். ஜன்னல் திரையை இழுத்து மூடினார். துண்டைக் கொண்டுபோய்க் கொடியில் காயப்போட்டு, அது காற்றில் பறக்காமல் இருக்கக் கிளிப்பும் மாட்டினார்.

சாப்பிடும்போது மனைவியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இந்த போன் இருக்கே, நாம வீட்டுல பேசறதை எல்லாம் அது கேக்குமா?"

"யாராவது ஒருத்தர் கேட்டா நல்லதுதானே," என்றாள் மனைவி.

பொதுக்கூட்டம் நகராட்சி மன்றத்தில், வேலை நேரம் முடிந்த பிறகு நடந்தது. மடக்கு நாற்காலிகள், முன்னால் ஒரு திரை, சுழலும்போது முனகும் மின்விசிறிகள். கூட்டத்தை நடத்தியவர் நகராட்சிப் பொறியாளர், அதிர்ந்து பேசாத ஒரு பெண்மணி. செக்கர் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பல்செட்காரரின் மனைவி மூன்றாம் வரிசையில், நகராட்சி தானே அச்சடித்திருந்த கூட்ட அறிவிப்புத் தாளில் இருந்த பிழைகளைப் பேனாவால் சுழித்துக்கொண்டிருந்தாள்.

பல்செட்காரர் நன்றாகவே பேசினார். அதைச் செக்கரே பிறகு ஒத்துக்கொண்டார்.

"ஒரு பல் ஆடுதுன்னா யாருக்கு முதல்ல தெரியும்? பல்லுக்குச் சொந்தக்காரருக்கு. நாக்கு சும்மா இருக்குமா? அங்கேயேதான் போய்ப் போய்த் தொடும். வீடும் அப்படித்தான். என் வீட்டுக் கேட் சாய்ஞ்சிருந்துச்சு. நானே நிமிர்த்தினேன். குழாய் சொட்டுச்சு. நானே நிறுத்தினேன். எந்த மெஷின் வந்து சொல்லுச்சு? பொறுப்பு உள்ளேர்ந்து வரணும். அதை விலைக்கு வாங்க முடியாது. அதுவும் மக்கள் பணத்துல வாங்கவே கூடாது."

கைதட்டல் எழுந்தது. அவர் மைக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். அப்போதுதான் செக்கர் எழுந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். அந்தக் கேட் நாலஞ்சு வருஷமா சாஞ்சுதானே நின்னுச்சு. திடீர்னு இந்த மாசம் உங்களுக்குப் பொறுப்பு வந்ததுக்கு என்ன காரணம்?"

"அது... தானா வந்தது."

"இருங்க," என்றார் பொறியாளர். "உங்க தெருவும் சோதனைப் பட்டியல்ல இருக்கு. திரையில போடறேன், எல்லாரும் பார்க்கட்டும்."

அவர் கணினியைத் தட்டினார். திரை வெளுத்தது. பல்செட்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். கேட் வரும். குழாய் வரும். அதெல்லாம் போகட்டும், கடைசியில் துண்டு வரும். ஊரே கட்டிலையும் துண்டையும் பார்க்கும். அவர்களாகப் போட்டுக் காட்டுவதற்கு முன்னால் தானாகச் சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும் என்று அந்த நொடியில் அவருக்குத் தோன்றியது.

"மேடம், போட வேண்டாம். நானே சொல்லிடறேன். செய்தி வந்தது உண்மைதான். கேட்டுக்கு வந்தது, குழாய்க்கு வந்தது, இன்னும் சிலதுக்கும் வந்தது. அது வந்ததாலதான் எல்லாத்தையும் சரி பண்ணினேன். உங்க மெஷின் வேலை செய்யுது. நான் எதிர்த்துப் பேச வந்தவன்தான், ஆனா சொல்றேன். கத்தறதில்லை, குத்திக் காட்டறதில்லை, மரியாதையா ஒரே ஒரு தடவை சொல்லுது. அப்படிச் சொன்னா எந்த மனுஷனும் கேப்பான்."

திரையில் ஒரு தெரு வரைபடம் வந்து நின்றது. அதில் கோடுகளும் எண்களும் தவிர ஒன்றும் இல்லை.

பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மெஷின் இன்னும் வாங்கவே இல்லையே சார். வாங்கலாமா வேண்டாமான்னு கேக்கத்தானே இந்தக் கூட்டம்."

பல்செட்காரர் மைக்கைப் பிடித்தபடியே நின்றார். அன்றைக்கு அதை அவரிடமிருந்து வாங்க யாரும் வர வேண்டியிருக்கவில்லை. அதுவாகவே கையிலிருந்து இறங்கியது. அவர் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். மனைவி பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

பொறியாளர் அவருடைய கைபேசியைக் கேட்டு வாங்கி, செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தார். துண்டு வந்த இடத்தில் மட்டும் லேசாக இருமினார்.

"இது எங்க ஆபீஸ்லேர்ந்து போனது இல்லைன்னு நிச்சயமாச் சொல்ல முடியும்," என்றார். "ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை."

எல்லாத் தலைகளும் மெதுவாக மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பின. அந்த ஊரில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் யார் என்பது ஊருக்கே தெரியும். அவள் எழுந்து நின்றாள். அச்சகத்தில் சும்மா கிடந்த ஒரு கைபேசியை முதலாளியிடம் கேட்டு வாங்கியதாகவும், அரசு அறிவிப்புகளைப் படித்துப் படித்து அந்த நடை கைவந்துவிட்டதாகவும், நகராட்சியின் பெயரை எங்கேயும் எழுதவில்லை, திட்டத்தின் பெயரை மட்டும்தான் போட்டதாகவும் சொன்னாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

விவாதம் அதற்குப் பிறகு அதிக நேரம் நடக்கவில்லை. ஒரு கைபேசியை வைத்துக்கொண்டு ஓர் ஆள் செய்தி அனுப்பியே இவ்வளவு நடக்குமென்றால் இவ்வளவு விலை கொடுத்து இயந்திரம் எதற்கு என்று யாரோ கேட்டார்கள். அதுவே தீர்மானமாயிற்று. இயந்திரம் வேண்டாம், அலுவலகத்தில் இருக்கிற எழுத்தரே செய்தி அனுப்பட்டும். பொறியாளர் அந்த வேலையை முதலில் பல்செட்காரரின் மனைவியிடம்தான் கேட்டார்.

"மன்னிக்கணும் மேடம். எனக்கு வீட்டிலயே முழுநேர வேலை இருக்கு," என்றாள் அவள்.

ஆகக் கூடி, நகராட்சியின் பணம் காப்பாற்றப்பட்டது. பல்செட்காரர் எதற்காகக் கூட்டத்துக்குப் போனாரோ அது நடந்துவிட்டது. அவரைத் தவிர எல்லாரும் அதைக் கொண்டாடினார்கள்.

இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். கேட் சத்தமில்லாமல் திறந்தது. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"இப்படி ஊர் முன்னாடி என்னைக் கவுக்கணுமா?"

"நான் எங்கே கவுத்தேன்? நீங்களாத்தானே எழுந்து சொன்னீங்க."

"என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே."

"நேராத்தான் வருஷக்கணக்கா சொன்னேன். கோணலாச் சொன்னதும் நடந்துச்சு."

"நீ சொன்னப்ப அதுல ஒரு மரியாதை இல்லை."

"'மதிப்பிற்குரிய குடியிருப்பாளரே'ன்னு தினமும் நான் உங்களை எழுப்பணுமா?"

அவர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அன்று இரவு படுக்கையில் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். ஒருமுறை ஏமாந்தாயிற்று. இனிமேல் கைபேசியில் எது வந்தாலும் சரி, ஒரு நெட்டு, ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவதில்லை.

இரண்டு வாரம் கழிந்தது. பட்டறையில் இருந்தபோது கைபேசி சிணுங்கியது. இதுவும் தெரியாத எண்தான்.

"தங்கள் கடை முகப்பில் உள்ள பள் வடிவ விளம்பரப் பலகை நடைபாதை மீது நீட்டிக்கொண்டு உள்ளது. அதனை ஒரு வாரத்திற்குள் அப்புரப்படுத்தவும். தவரினால் நடவடிக்கை எடுக்கப்படும்."

பல்செட்காரர் சாவகாசமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். அவர் கடை வாசலில் ஒரு பெரிய பல்செட் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்வரிசை கீழ்வரிசை இரண்டும் தகரத்தில் செய்து, வெள்ளை அடித்து, ஈறுக்கு ரோஜா நிறம் தீட்டி, தெருவைப் பார்த்து ஓயாமல் சிரிக்கிற மாதிரி அவரே வடிவமைத்தது. மனைவிக்கு அதைப் பிடிக்காது. அந்தப் பக்கம் போகிற குழந்தைகள் பயப்படுகின்றன என்பாள்.

விஷயம் அவருக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தது. போன தடவை பிழையே இல்லாததால் மாட்டிக்கொண்டாள். அதனால் இந்தத் தடவை வேண்டுமென்றே பிழை போட்டிருக்கிறாள். பல்லைப் 'பள்' என்று எழுதினால் பல்செட்காரனுக்குத் தெரியாதா? நகராட்சி இருக்கிற வேகத்துக்கு அந்தத் தீர்மானம் மேஜைவிட்டு மேஜை போகவே ஒரு வருஷம் ஆகும். இரண்டு வாரத்தில் செய்தியாவது, நடவடிக்கையாவது.

அன்று மாலை மனைவியைப் பார்த்துப் பொருளோடு புன்னகைத்தார்.

"என்ன, ஒரு மாதிரி சிரிக்கறீங்க?"

"ஒண்ணும் இல்லை. சில பேரோட சாமர்த்தியத்தை நினைச்சேன்."

"யாரோட சாமர்த்தியம்?"

"யாரோடதாவது இருக்கட்டும்."

அவள் ஒன்றும் புரியாதவள் போல் பார்த்தாள். நடிப்பிலும் குறை வைக்கவில்லை என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டார். உண்மையில் அவருக்கு அவள்மேல் கோபம் எல்லாம் போய், ஒரு பிரியம்கூட வந்திருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கணவனோடு விளையாட வேண்டும் என்று தோன்றுகிறதே, அது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வாரக் கடைசியில் இன்னொரு செய்தி வந்தது. அது 'கடைசி அறிவிப்பு' என்று தொடங்கியது. பலகையை அவர்களே அகற்றுவதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டிருந்தது. பல்செட்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு முதல்முறையாகப் பதில் எழுதினார்.

"கண்ணே, உன் கைவரிசை எனக்குத் தெரியாதா? முடிந்தால் நீயே வந்து கழற்றிக்கொண்டு போ."

மறுநாள் காலையில் கடை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஏணியோடு இறங்கினவர்கள் இவர் வெளியே வருவதற்குள் மேல்வரிசையைக் கழற்றிக் கீழே இறக்கியிருந்தார்கள்.

"நிறுத்துங்க. யாரைக் கேட்டுக் கை வெச்சீங்க?"

"உங்களைக் கேட்டுத்தான் சார்," என்றார் அவர்களை அழைத்து வந்த மேற்பார்வையாளர், மீசை நரைத்த, கூச்சப்படுகிற மாதிரியான மனிதர். "எழுத்து மூலமா சம்மதம் கொடுத்திருக்கீங்களே."

"நானா?"

மேற்பார்வையாளர் கைபேசியை எடுத்துக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டார். பக்கத்து நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருந்த செக்கர் நடைபாதையில் இரண்டு அடி கிட்டே வந்தார்.

"'கண்ணே'," என்று மேற்பார்வையாளர் அலுவலகக் குரலில் படித்தார். அப்புறம் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "மிச்சத்தையும் படிக்கணுமா சார்? எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சுட்டாங்க. எழுத்தர்தான் நேத்துலேர்ந்து யார் முகத்தையும் பார்க்க மாட்டேங்கறார். இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப் போற மனுஷன்."

பல்செட்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கீழ்வரிசையும் இறங்கியது. இரண்டு வரிசையையும் லாரியில் நிமிர்த்தி வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். லாரி தெருமுனை திரும்பும்வரை அது அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனது.

"பல்லைப் பிடுங்கிட்டாங்களே சார்," என்றார் செக்கர். குரலில் நிஜமாகவே கொஞ்சம் வருத்தம் இருந்தது.

மாலையில் மனைவி வேலையிலிருந்து வந்தபோது அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். விஷயம் அவளுக்கு வழியிலேயே தெரிந்துவிட்டிருந்தது. அவருடைய கைபேசியை எடுத்து நகராட்சியின் செய்தியைப் படித்தாள். நெற்றி சுருங்கியது.

"பள். அப்புரப்படுத்தவும். தவரினால்." ஒவ்வொரு சொல்லாக, கல்லைக் கடித்தவள் போல் சொன்னாள். "இதையா நான் எழுதினேன்னு நினைச்சீங்க?"

"நீ வேணும்னே பிழை போட்டிருக்கேன்னு நினைச்சேன்."

"என்னைப் பார்த்து அப்படி நினைக்க உங்களுக்கு மனசு வந்துச்சா? என்னைத் திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திரையை விரலால் தள்ளி, அடியில் அவர் எழுதின பதிலுக்கு வந்தாள். படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். கைபேசியை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கக் குழாய்ப் பக்கம் திரும்பினாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னை ஒரு தடவை 'கண்ணே'ன்னு கூப்பிட்டதில்லை நீங்க," என்றாள். "நகராட்சியைக் கூப்பிட்டிருக்கீங்க."